முப்பத்திரண்டு பல் மாப்ள

மதுரையில் ஆண்பிள்ளையாகப் பிறந்த எவனும் ஒரு நாளைக்குப் பத்துப் பேரையாவது 'மாப்ள' என்று கூப்பிடாமல் ராத்திரிச் சோற்றில் கை வைக்க மாட்டான். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர் மாப்ள. பஸ்ஸில் காலை மிதித்தவன் மாப்ள. மிதித்ததற்காகச் சட்டையைப் பிடிக்கப் போகிறவனும் 'என்ன மாப்ள' என்றுதான் ஆரம்பிப்பான். இப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்து, வளர்ந்து, வியாபாரம் பண்ணி, அருமையாக ஒரு மகளையும் பெற்று, ஒரே ஒரு மனிதப் பிறவியைக்கூட மாப்ள என்று கூப்பிடாமல் ஐம்பத்தைந்து வயது வரை தாக்குப்பிடித்த ஆள், எனக்குத் தெரிந்து 'வீட்லயே' பாய் ஒருத்தர்தான்.

அந்த வார்த்தையை அவர் ஆயுதங்களுக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருந்தார். ரம்பம் மாப்ள, திருப்புளி மாப்ள, ஸ்பானர் மாப்ள. அவர் வீட்டு மாடியில் வருடக்கணக்காகக் குடியிருந்த நான் வெறும் 'தம்பி'. மூலையில் துருப்பிடித்துக் கிடந்த குறடு மாப்ளையாக இருக்கும்போது நான் தம்பியாக இருப்பதில் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. வாடகை கொடுக்கிறவனுக்கு அதையெல்லாம் கேட்க முடியுமா என்று விட்டுவிட்டேன்.

சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் வீடு. கீழே பாய் குடும்பம், மேலே நான். காலையில் நான் ஆற்றைத் தாண்டி தல்லாகுளம் ஆபீசுக்குப் போவேன். பாய் இரண்டு தெரு தள்ளியிருந்த தன் கடைக்குப் போவார். பொத்தான், ஜிப், நூல்கண்டு மொத்த வியாபாரம். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. மகள் கல்யாணப் பத்திரிகையில் அதைப் பார்த்தபோதுகூட, யாரோ வெளியூர்ச் சொந்தக்காரர் முன்னால் நின்று நடத்துகிறார் என்று நினைத்தேன்.

'வீட்லயே' என்ற பட்டம் சோபாவால் வந்தது. ஆசையாக ஒரு சோபா வாங்கினார். அது வாசலுக்குள் நுழையவில்லை. கடைக்காரர் நல்ல மனுஷன், திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். "அது எதுக்கு? வீட்லயே பாத்துக்கலாம்" என்று சொன்ன பாய், சோபாவை நட்டநடுவில் இரண்டாக அறுத்து, தனித்தனியாக உள்ளே கொண்டுபோய், மறுபடி சேர்த்து ஆணியடித்தார். அன்றிலிருந்து அந்தச் சோபாவுக்கு நடுவில் ஒரு பள்ளம். இரண்டு ஓரத்திலும் இரண்டு பேர் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், பேச்சு முடிவதற்குள் இருவரும் சறுக்கி வந்து நடுவில் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். அவர் மனைவி பேகம் அக்கா, விருந்தாளிகளை எப்போதும் நாற்காலியைப் பார்த்துக் கைகாட்டித்தான் வரவேற்பார்.

பிறகு முடிவெட்டு. இரண்டு கண்ணாடி வைத்துத் தனக்குத்தானே வெட்டிக்கொண்டதில், ஒரு மாதம் தொழுகைக்குப் போகும்போது மட்டுமில்லாமல் மற்ற நேரமும் தொப்பியைக் கழற்றவில்லை. பிறகு, ஆடிக்கொண்டிருந்த தன் கடைவாய்ப் பல்லைத் தன் கடை நூலாலேயே கதவோடு கட்டி இழுத்தார். பல் வரவில்லை, கதவு வந்தது. கதவையும் வீட்லயே மாட்டினார்.

இதையெல்லாம் கேட்டு அவரை அவசரக்குடுக்கை என்று நினைத்துவிடக் கூடாது. வேலையைத் தொடங்குமுன் எந்த ஆயுதத்தை எடுப்பது என்பதில் அவர் காட்டும் நிதானத்தைப் பார்த்தால் நமக்குத் தாடி முளைத்துவிடும். ஒரு ஆணி பிடுங்க வேண்டும் என்றால், வீட்டிலிருக்கும் குறடு, சுத்தியல், கடப்பாரை எல்லாவற்றையும் வரிசையாகப் படுக்கவைத்து, ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, அவற்றின் குணநலன்களை ஆராய்ந்துகொண்டிருப்பார்.

"வேலைங்கிறது பொண்ணு தம்பி. ஆயுதம் மாப்ள. அவசரப்பட்டுக் கட்டிக் குடுத்தோம்னா ஆயுசுக்கும் கண்ணீருதான்" என்பார்.

இந்தத் தத்துவம் ஒரு நாள் அவர் தலையிலேயே வந்து விழுந்தது.

பாயிடம் ஒரு பழைய வேன் இருந்தது. வெள்ளையாகப் பிறந்து டீ கலருக்கு வந்திருந்த வண்டி. அதன் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. பாய் சாவியைத் திருகினால் அடுத்த ஏரியா யானைக்கல்லில் தூங்குகிறவர் எழுந்து உட்காருவார். மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். நானும் கூட இருந்தேன்.

"பின்பாதி போச்சு பாய். போல்டு பூராம் துருவேறி ஒட்டிக்கிருச்சு, கழட்ட வராது. குழாய அறுத்து எடுத்துட்டு, புதுசச் சொருகி கிளாம்ப் போட்டா முடிஞ்சது. வண்டிய விட்டுட்டு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார் மெக்கானிக்.

பாய் காதில் 'அறுத்து' என்பது வரைதான் விழுந்தது. முகம் பிரகாசமாகிவிட்டது. "அம்புட்டுத்தானா? அத வீட்லயே பண்ணிரலாமே" என்று புது சைலன்சரை மட்டும் வாங்கி, கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

சும்மா ஒரு சமயமாக இருந்தால் ஆற அமர அறுக்கலாம். ஆனால் அந்த வாரம் வீட்டில் ஒரு பெரிய காரியம் இருந்தது. மகள் நசீமாவுக்கு டி. கல்லுப்பட்டியிலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. நசீமா ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தாள். ஊசி குத்தினது தெரியாமல் எடுப்பாள், அப்பாவுக்கு நேர் எதிர். பையன் பெயர் பைசல், அப்பாவோடு சேர்ந்து அரிசிக்கடை. வந்து பார்த்தார்கள், பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் கல்லுப்பட்டி போய்ப் பேசி முடித்துத் தேதி வைக்க வேண்டும்.

"அந்த வண்டில சம்பந்தி வீட்டு வாசல்ல போயி எறங்குனா, பொண்ணு வீட்டுக்காரங்க வாராங்களா, புல்டோசர் வருதான்னு கேப்பாக. சத்தம் நிக்காம நான் ஏற மாட்டேன்" என்று பேகம் அக்கா சொல்லிவிட்டார்.

"வாடகைக்கு ஒரு கார் பிடிச்சுக்கலாமே பாய்" என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"எம் மக காரியத்துக்கு வாடகை வண்டியா தம்பி?" என்று பாய் என்னைப் பார்த்த பார்வையில் நான் மாடிக்குப் போய்விட்டேன். ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் குழாயை அறுத்தாக வேண்டும். அதற்குச் சரியான மாப்ளையை அதற்கும் முன்னால் கண்டுபிடித்தாக வேண்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் உளியும் சுத்தியலும் வந்தன. பாய் உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இந்த மாப்ள முரடன் தம்பி. அறுக்க மாட்டான், நசுக்குவான். நசுங்குன வாயில புது சைலன்சர் ஏறாது."

அடுத்து, கிரைண்டர் வைத்து வெட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். தகடு சுற்றி இரும்பை வெட்டுமே, அந்தக் கிரைண்டர். பாய் உடனே தன் மச்சானுக்குப் போன் போட்டு "ஞாயித்துக்கெழம விசேசத்துக்குள்ள ஒரு கிரைண்டர் அவசரமா வேணும், கொண்டாங்க" என்றார். விசேஷம் என்றதும் மச்சான் வேறென்ன நினைப்பார்? மறுநாள் ஆட்டோவில் கல்லும் குழவியுமாக மாவாட்டும் கிரைண்டரைக் கொண்டுவந்து இறக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாய் அதையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நல்லவேளையாக, வண்டிக்கு அடியில் அது போகாது என்று அவராகவே முடிவுக்கு வந்தார். பேகம் அக்கா சந்தடியில்லாமல் அதை அடுப்படிக்கு நகர்த்திக்கொண்டார். இன்றுவரை மச்சானுக்கு அது திரும்பிப் போகவில்லை.

நிஜக் கிரைண்டர் புதன்கிழமை வந்தது. பழைய ஜன்னல் கம்பி ஒன்றை வைத்துச் சோதித்தார். தீபாவளி மத்தாப்பாகப் பொறி பறந்து, கொடியில் காய்ந்த என் சட்டையில் பொடிப்பொடியாக ஓட்டை போட்டது. பாய் அதை அணைத்துவிட்டு யோசித்தார். "வாலிபம், வேகம், மிடுக்கு எல்லாம் இருக்கு. ஆனா கோவக்காரன். சைலன்சருக்குப் பக்கத்து வீடே பெட்ரோல் டேங்கு. இவன உள்ள விட்டா பொண்ணு வீட்டக் கொளுத்திட்டு நம்ம வீட்டையும் கொளுத்திருவான்." சட்டையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஒரு பிளம்பரிடமிருந்து சங்கிலி வெட்டி வந்தது. குழாயைச் சுற்றிக் கட்டி, முறுக்கி முறுக்கி அறுக்கிற சங்கிலி. அதைப் பாய்க்கு ரொம்பப் பிடித்திருந்தது. கையில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் பெருமூச்சு விட்டார். "கொணம் தங்கம் தம்பி. ஆனா பாசம் சாஸ்தி. இந்தத் துருப்புடிச்ச குழாய இவன் கட்டிப்புடிச்சா அது அப்பளமா நொறுங்கிரும்."

மிச்சமிருந்தது ஆக்ஸா பிளேடு, அதாவது சாதாரண இரும்பறுக்கும் ரம்பம். பொறி பறக்காது, சத்தம் கிடையாது, நிதானமானவன். ஆனால் அதிலும் பல் பொருத்தம் பார்க்க வேண்டுமாம். கனத்த இரும்புக்குப் பெரிய பல், மெல்லிய தகட்டுக்குப் பொடிப் பல். சைலன்சர் குழாய்க்கு இஞ்சுக்கு முப்பத்திரண்டு பல் உள்ள பிளேடுதான் சரி. பெரிய பல் என்றால் தகட்டில் மாட்டி உதிர்ந்துபோகும். ஹார்டுவேர் கடை வைத்திருந்த காதர், பாயின் பழைய சிநேகிதர். அவரிடம் சொல்லி அனுப்பினார். காதர் எந்த ஞாபகத்திலோ இருபத்துநாலு பல் பிளேடைக் கொடுத்தனுப்பிவிட்டார். அவசரத்தில் பாயும் கவனிக்கவில்லை. இரண்டு இழுப்பு இழுத்தார், கர்ரென்று மாட்டிப் பாதிப் பல் கொட்டிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பாயின் போனில் இரண்டு காதர் உண்டு. ஒருவர் ஹார்டுவேர் காதர். இன்னொருவர் கல்லுப்பட்டி காதர் பாய், மாப்பிள்ளையின் தகப்பனார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்த பாய், துரு தலையில் கொட்டாமலிருக்க மாட்டிய ஹெல்மெட்டோடு, படிக்கும் கண்ணாடி இல்லாமல், வாட்ஸப்பைத் திறந்து ஒரு காதரை அமுக்கினார். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் பேசி அனுப்பியது இதுதான்:

"அஸ்ஸலாமு அலைக்கும் காதரு. என்னப்பா இப்பிடிப் பண்ணிட்ட? மாப்ளைக்கு முப்பத்திரெண்டு பல்லு இருக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? நீ அனுப்புன மாப்ளைக்கு இருபத்துநாலுதான் இருக்கு. அதுலயும் பாதி கொட்டிப்போச்சு. மத்தபடி நீளம், நெறம், நேரா இருக்கிறதெல்லாம் கொற சொல்ல முடியாது. ஆனா பல்லு முக்கியம்ப்பா. இவன நீயே வச்சுக்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள நமக்கு வேற மாப்ள வேணும்."

கொஞ்ச நேரத்தில் நீலக்கோடு விழுந்தது. பதில் வரவில்லை. "பாத்துட்டான், கேட்டுட்டான், பேச மாட்டேங்கிறான் பாருங்க தம்பி. தப்புப் பண்ணவனுக்கு எப்பிடிப் பேச்சு வரும்?" என்று பாய் பொருமினார். அந்தக் கோபத்தில், இனிமேல் காதர் கடை வாசப்படி மிதிப்பதில்லை என்று முடிவெடுத்து, சனிக்கிழமை காலையில் வேறு கடையில் பிளேடு வாங்கிவர என்னை அனுப்பினார்.

நான் பிளேடை நியூஸ்பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தபோது, வேனுக்குப் பக்கத்தில் வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாக ஒரு பெரியவர், கையில் மிட்டாய்ப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். கல்லுப்பட்டி காதர் பாய். செங்கல் அடுக்கித் தூக்கி நிறுத்திய வேனுக்கு அடியிலிருந்து பாயின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பெரியவர் அந்தக் கால்களைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"பாய், நான் காதர் வந்திருக்கேன்."

உள்ளே ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "வந்துட்டியா? அந்த மாப்ளைய அனுப்புனதுக்கு ஒனக்கு வெக்கமா இல்ல?"

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். "இருக்கு பாய். நீங்க என்னைய நீ வா போன்னு பேசுறதுகூட எனக்கு வருத்தமில்ல. மறைச்சது எங்க தப்புத்தான். காலேசுல கிரிக்கெட்டு வெளாடுனப்ப பந்து பட்டு முன்பல்லு ஒண்ணு போயிருச்சு. இப்ப இருக்கிறது கட்டுன பல்லு. சொல்லிறலாம்னுதான் நான் சொன்னேன், வீட்லதான் கல்யாணம் முடியட்டும்னாக. ஆனா பாய், இருபத்துநாலெல்லாம் இல்ல. மிச்சம் முப்பத்தொண்ணும் அவன் சொந்தப் பல்லு. வேணும்னா கூட்டிட்டு வாரேன், எண்ணிப் பாத்துக்கங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மெசேஜ் போய்ச் சேர்ந்தது இந்தக் காதருக்கு. ஆனால் ஹெல்மெட்டுக்குள் இருந்தவர் காதில் என்ன விழுந்ததோ.

"ஒரு பல்லு போச்சுன்னா வரிசையா அடுத்ததும் போயிரும். அதான் அவன் கொணம்" என்றார் உள்ளேயிருந்து. "சரி, அந்தப் பேச்ச விடு. வேற மாப்ளைக்கு ஆள் அனுப்பிட்டேன். இப்ப வந்துருவாரு. தம்பி, வந்துட்டீங்களா? மாப்ள கெடச்சாரா?"

வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருடப் பழக்கம், கேட்டதும் பதில் தானாக வந்துவிட்டது. "கெடச்சாச்சு பாய். முப்பத்திரெண்டும் அப்பிடியே இருக்கு."

பெரியவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். அந்நேரம் பார்த்துத் தண்ணீர் கேன் போடுகிற ஆள் தோளில் கேனோடு சிரித்துக்கொண்டே வந்து நின்றார். அவருக்கு முத்துக் கோத்த மாதிரிப் பல்வரிசை. பெரியவர் அந்தப் பற்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மிட்டாய்ப் பெட்டியைப் படியில் வைத்தார்.

"சரி பாய். ஒங்க மகளுக்கு நல்ல எடமா அமையட்டும். எம் மவன் நேத்து ராத்திரிலேருந்து சாப்பிடாம ஒக்காந்திருக்கான். அத மட்டும் சொல்லிட்டுப் போயிறேன்" என்று கிளம்பினார். நான் பேப்பரைப் பிரிக்கப் பார்க்கிறேன், கடைக்காரர் நூலைப் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறார்.

அப்போதுதான் நசீமா வாசலுக்கு வந்தாள். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"மாமா, போகாதீங்க. பல்லு விசயம் எனக்கு மொதல்லயே தெரியும். அவுகளே சொல்லிட்டாக. வீடியோ கால்ல கழட்டிக்கூடக் காட்டுனாக." அதைச் சொன்னபோது லேசாகச் சிரிப்பு வந்தது அவளுக்கு. வண்டியைப் பார்த்துத் திரும்பியபோது அது போய்விட்டது. "அத்தா, எனக்குப் புடிச்சிருக்குன்னு சொன்னேன்ல? யாரக் கேட்டு வேற மாப்ள பாக்குறீங்க?"

மகள் குரல் உடைந்ததும் பாய் படுத்த வாக்கிலேயே விருட்டென்று எழுந்தார். ஹெல்மெட் வேனின் அடிவயிற்றில் டங்கென்று மோதியது. அந்த ஹெல்மெட்டை நாங்கள் எத்தனை நாள் கேலி பண்ணியிருப்போம், அன்றைக்கு அது இல்லையென்றால் கல்லுப்பட்டிக்குப் பதில் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம். உருண்டு வெளியே வந்தார். மகளைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார். முகத்தில் துருவும் மசியும்.

"ஒனக்கா? ஒனக்கு எதுக்கும்மா வேற மாப்ள? சைலன்சருக்கும்மா."

நான் ஒருவழியாக நூலைக் கடித்து அறுத்து, பேப்பரைப் பிரித்து, பிளேடைத் தூக்கிக் காட்டினேன். "முப்பத்திரெண்டு பல்லு" என்றேன். காதர் பாய் தன் போனை எடுத்து, அந்த வாய்ஸ் மெசேஜை எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டார். 'நீளம், நெறம், நேரா இருக்கிறதெல்லாம்' என்ற இடம் வரும்போது முதலில் சிரித்தது காதர் பாய்தான். சிரிப்பு முற்றி, வேனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாய் சிரிக்கவில்லை. தான் வேறொரு மனுஷனின் பிள்ளையைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறோம் என்பது ஒவ்வொரு வரியாக அவருக்கு உறைத்துக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி, காதர் பாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஜிப்பா முழுக்க மசி.

"அவனுக்கு மொதல்ல போன் போட்டுச் சாப்பிடச் சொல்லுங்க" என்றார். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான் பேசினார்கள்.

பேகம் அக்கா நாற்காலியைக் காட்டுவதற்குள் காதர் பாய் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். மரியாதைக்கு மறு ஓரத்தில் பாயும் உட்கார்ந்தார். டீ வருவதற்குள் சம்பந்திகள் இருவரும் சறுக்கி வந்து நடுப்பள்ளத்தில் தோளோடு தோள் சேர்ந்துவிட்டார்கள். எழுந்திருக்க முயன்றால் ஒருவர் மடியில் ஒருவர் விழ வேண்டும் என்பதால் அப்படியே இருந்து டீயைக் குடித்தார்கள்.

"ஒண்ணு கேக்கவா பாய்?" என்றார் காதர் பாய். "ஒரு சைலன்சருக்கு இம்புட்டு மாப்ள பாத்துத் தட்டிக் கழிச்சிருக்கீக. எம் மவன மட்டும் டீ ஆறுறதுக்குள்ள சரின்னு சொல்லிட்டீகளே?"

எங்களுக்கும் அந்தச் சந்தேகம் அந்த வாரம் பூராவும் இருந்தது. கேட்க வாய் வந்ததில்லை. பாய் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"சைலன்சருக்கு வாயில்ல சம்பந்தி. அதுக்கு நாமதான் பாத்துப் பாத்துத் தேடணும். எம் மகளுக்கு வாயிருக்கு. புடிச்சிருக்குன்னு அவ சொல்லிட்டா. அதுக்கு மேல நான் என்னத்தப் பாக்க?"

நசீமா அடுப்படிக்குள் போய்விட்டாள். டீ கிளாஸை வாங்க வந்த பேகம் அக்கா, வாங்காமலே நின்றுகொண்டிருந்தார்.

அதற்கப்புறம் காதர் பாயைப் பிடிக்க முடியவில்லை. ஜிப்பாதான் போய்விட்டதே என்று அவரும் வண்டிக்கடியில் புகுந்துவிட்டார். உள்ளே ரம்பத்தின் சட்டம் நுழைய இடமில்லை. அதனால் வெறும் பிளேடின் இரண்டு முனையிலும் துணியைச் சுற்றி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். அடியிலிருந்து ஒரே சண்டை. "நான் இழுக்கும்போது நீங்க ஏன் இழுக்குறீக?" "பல்லு எம் பக்கமாத்தான சாஞ்சிருக்கு, நான்தான் இழுக்கணும்." "ரெண்டு பேரும் இழுத்தா பிளேடு ஒடிஞ்சிரும் சம்பந்தி. ஒருத்தர் இழுக்கணும், ஒருத்தர் விடணும்."

"இதத்தான நான் கல்யாணமான நாள்லேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார் பேகம் அக்கா வாசலிலிருந்து. அப்புறம் ஒழுங்காகச் சர், சர் என்று அறுக்கிற சத்தம் கேட்டது. ஒரு மணி நேரத்தில் பழைய குழாய் தொப்பென்று விழுந்தது. பாய் வெட்டுவாயை அரத்தால் ராவி, புது சைலன்சரைச் சொருகி, கிளாம்பை முடுக்கினார். சாவியைத் திருகினார். வண்டி ஓடுகிறது, சத்தம் இல்லை. கிளம்பவில்லையாக்கும் என்று மறுபடி ஒரு திருகு திருகினார், ஓடுகிற எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் பண்ணியதற்கு வண்டி போட்ட கூச்சலில்தான் கிளம்பியிருப்பது எல்லோருக்கும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கல்லுப்பட்டிக்கு நானும் போயிருந்தேன். சம்பந்தி வீட்டு வாசலில் வண்டி பூனை மாதிரி போய் நின்றது. நாங்கள் வந்ததே உள்ளே யாருக்கும் தெரியவில்லை. வரவேற்க ஆளில்லாமல் பட்டுச்சேலையோடு வண்டிக்குள் புழுங்கிக்கொண்டிருந்த பேகம் அக்கா, கடைசியில் "ஹாரனையாவது அடிங்க" என்றார்.

நிக்காஹ் அன்று மண்டபமே ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தது. பைசல் வந்து இறங்கினான். பாய் முன்னால் போய் நின்றார். என்ன சொல்லிக் கூப்பிடப் போகிறார் என்று தெருக்காரர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். பாய் அவனை மேலும் கீழும் பார்த்தார், உளியைப் பார்த்த அதே பார்வை. தொண்டையைச் செருமினார்.

"வாங்க மாப்ள."

சொன்ன உடனே அவர் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையைத் தேடுகிற சாக்கில் அவன் காதருகே குனிந்து, "பல்லு ஆடுச்சுன்னா சங்கடப்படாமச் சொல்லுங்க, வீட்லயே பாத்துக்கலாம்" என்றாராம். பைசல் இதை என்னிடம் பிறகு சொன்னபோது வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் சொன்னான்.

நான் இப்போது அந்த மாடியில் இல்லை. ஆற்றுக்கு வடக்கே வந்துவிட்டேன். போன மாதம் என் பைக்கின் சைலன்சர் கடகடக்க ஆரம்பித்தது. வழியில் நாலு மெக்கானிக் கடை உண்டு. நான் நேராகச் சிம்மக்கல்லுக்குத்தான் ஓட்டிக்கொண்டு போனேன். பாய்க்குத் தாடி முழுக்க நரைத்துவிட்டது, மற்றபடி அப்படியேதான் இருந்தார். வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஆயுதங்களை வரிசையாகப் பரப்பினார். எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, கடைசியில் மல்லாந்து படுத்து, வண்டிக்குப் பக்கவாட்டில் தலையை நுழைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, பார்க்காமலே கையை வெளியே நீட்டினார். "மாப்ள, இங்கிட்டு வா" என்றார்.

ரம்பம் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. நான் அதைக் காலால் மெல்லத் தள்ளிவிட்டு, "வாரேன் பாய்" என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.